விமானம் என்றால் ஒன்றுதான் என்றீர்கள்

என்றும் என் அம்மாவாக இருக்கிற உங்களுக்கு,

ஊர் உங்களை என் மாமியார் என்று சொல்லும். கல்யாணமான மறுநாளே, "மாமின்னு கூப்பிட்டா யாரோ பக்கத்தாத்துக்காரியைக் கூப்பிடறாப்பல இருக்கு, அம்மான்னே கூப்பிடு" என்று நீங்கள் சொல்லிவிட்டதால் எனக்கு அந்தச் சிக்கல் இருந்ததில்லை. தை மாதம் நீங்கள் பரமபதித்தீர்கள். இப்போது ஆடி. ஸ்ரீரங்கத்துக் காற்று வழக்கம்போல வாசல் கதவைப் பிடுங்குகிறது. கொல்லையில் உலர்த்திய புடவை நேற்று அடுத்த வீட்டுக் கிணற்றடியில் கிடந்தது. மாமனாரையும் அப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்; அப்பா சௌக்கியம். ரசத்தில் உப்பு போதவில்லை என்று தினமும் சொல்கிறார். நீங்கள் போட்ட அளவேதான் போடுகிறேன், அம்மா. அவருக்கு உப்பு அல்ல குறை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

உங்களுக்கு இரண்டு செய்தி வைத்திருக்கிறேன். முதலாவது, மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே இங்கிலாந்து, அதே மைதானம், அதே விமானக் கூட்டம். விமானம் கட்டுகிறவர்கள், ஓட்டுகிறவர்கள், விற்கிறவர்கள், எங்களைப் போல வானிலை பார்க்கிறவர்கள் என்று பல தேசத்திலிருந்தும் வந்து கூடுவார்களே, அதற்குத்தான். அடுத்த வாரம் புறப்படுகிறேன்.

இரண்டாவது செய்தி, போன வாரம் காசிம் பாய் வந்தார். யார் காசிம் பாய் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நான்தான் கேட்டேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாததால் அல்ல. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன், படிக்கிறவர்கள் விழிக்கக் கூடாது. அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் செய்கிறேன். "தாராளமாப் போடு, உன் மாமியார் சாமர்த்தியம் நாலு பேருக்குத் தெரியட்டுமே" என்றார்.

திருச்சி செம்பட்டு விமான நிலையத்து ஓரத்தில் இருக்கிற சின்னக் கட்டடத்தில் வானிலை பார்ப்பது என் வேலை. பெரிய ரப்பர் பலூனில் வாயுவை நிரப்பி மேலே விடுவோம். அது எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தால், மேலே காற்று எப்படி அடிக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். நம் சித்திரை வீதி இதற்கு வைத்த பெயர் காத்து ஆபீஸ். பௌதிகம் படித்த பெண் கடைசியில் பலூன் விடுகிறாள் என்று தெருவே சிரித்தது.

நீங்கள் சிரித்ததில்லை. ஒன்றும் கேட்டதும் இல்லை. காலையில் தயிர்சாத டப்பாவைக் கையில் கொடுப்பீர்கள். நான் திரும்பி வந்ததும், "கால் அலம்பிண்டு உள்ள வா" என்பீர்கள். நடுவில் நான் எங்கே போனேன், என்ன செய்தேன் என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடிக் காற்றைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பாலக்காட்டு மலை இடைவெளியில் நுழைந்து வருகிற காற்று நம் ஊருக்கு வரும்போது ஒரு தந்திரம் செய்யும். தரையில் சாதாரணமாகத்தான் இருக்கும். கொஞ்சம் மேலே போனால் பலூனைக் கிழக்கே பிய்த்துக்கொண்டு போகும். இறங்க வருகிற விமானத்துக்கு இது ஆபத்து. மெட்ராஸில் இருந்த என் மேலதிகாரி அந்தக் கட்டுரையை எங்கெங்கோ அனுப்பினார். ஐம்பதுகள் முடிகிற சமயம், இங்கிலாந்தில் நடக்கிற கூட்டத்தில் வந்து பேசு என்று அழைப்பு வந்தது. சர்க்கார் அனுப்பி வைக்கும் என்றார்கள்.

வீட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சொன்னால் சண்டை போடலாம். அப்பா சின்ன வயதிலிருந்து கோயிலில் ஆழ்வார் பாசுரம் ஓதுகிற பிரபந்த கோஷ்டியில் நின்று சேவிக்கிறவர். கடல் தாண்டி ஆசாரம் கெட்டவள் இருக்கிற வீட்டிலிருந்து கோஷ்டிக்கு வரலாமா என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். மறுநாளிலிருந்து தாமாகவே ஒதுங்கிக்கொள்வார். கோஷ்டி இல்லாத அப்பாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என்னைப் போகச் சொல்லிவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்றால் அந்த இங்கிலாந்து எனக்கு எதற்கு? வரவில்லை என்று ஆபீஸில் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஒருவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். எதிர்வீட்டு ஆராவமுது மாமாதான். இதையும் அவர் படிப்பார், படிக்கட்டும். தெருவில் எந்த வீட்டில் ஆசாரம் கெட்டாலும் முதலில் அவருக்குத்தான் தூக்கம் கெடும். நான் ஆபீஸில் சொல்வதற்கு முன்னால் விஷயம் பத்திரிகையில் வந்துவிட்டது. காலை பத்திரிகையைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு மாமா கூடத்துக்கே வந்துவிட்டார். அப்பா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"விமான மாநாட்டுக்குத் திருச்சிப் பெண்மணி போறாளாம், போட்டிருக்கான். நம்மாத்துப் பொண்ணா ஓய்?" என்று ஆரம்பித்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

நீங்கள் காபி டம்ளரோடு வந்தீர்கள். அதை அவர் முன்னால் வைத்துவிட்டு, "ஆமாம், நம்ம வேதாதான். ரங்க விமானத்தைப் பத்திப் பேசறதுக்குக் கூப்பிட்டிருக்கா" என்றீர்கள்.

மாமா டம்ளரைத் தொடவில்லை. "ரங்க விமானமா? மாமி, இது ஆகாசத்துல பறக்கறதே, அந்த…"

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும். எனக்குத் தெரிஞ்சு விமானம்னா ஒண்ணுதான். பெருமாள் சயனிச்சிருக்கற இடத்துக்கு மேல பொன் வேய்ஞ்சு நிக்கறதே, அதுதான். அதைவிட ஒசந்த விமானம் வேற ஒண்ணு உண்டுன்னா நீங்களே சொல்லுங்கோ, கேட்டுக்கறேன்."

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? உண்டு என்றால் அபசாரம். இல்லை என்றால் பேச்சு முடிந்துபோயிற்று. ஆராவமுது மாமா அப்பாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் காபியைக் குடித்தார். "ரங்க விமான விஷயமாப் போறதுன்னா அது பெருமாள் கைங்கர்யமாச்சே" என்று தாமே சொன்னார். "அதுதான் நானும் சொன்னேன்" என்று நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள்.

அறைக்குள் போய் நானும் உங்கள் பிள்ளையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். "அம்மாவுக்கு நெஜமாவே தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியாதுன்னுதான் நெனைக்கறேன். நீ போய் விளக்கம் சொல்லிண்டு நிக்காதே" என்றார். நான் விளக்கவில்லை. பெருமாளே ஒரு வழி விட்டார், உங்கள் அறியாமை வழியாக விட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்த கூத்து உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆராவமுது மாமாவே தெருத் தெருவாகப் போய்ச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விமானத்தின் நாலு கலசமும் நாலு வேதம் என்று சொல்லிக் கொடுத்தார். அந்த விமானம் இங்கே வந்த விருத்தாந்தத்தை ஒரு எழுத்து விடாமல் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார். அயோத்தியிலிருந்து இலங்கைக்குக் கொண்டு போகும் வழியில், சந்தியாவந்தனம் பண்ணுவதற்காகக் காவிரிக் கரையில் இறக்கி வைத்தது, அப்புறம் எத்தனை முயன்றும் எழும்பாமல் இங்கேயே தங்கிவிட்டது என்கிற கதைதான். "வெள்ளைக்காரன் குறுக்குக் கேள்வி கேப்பான், தடுமாறாதே" என்றார். ரங்க விமானப் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தார். கண்ணாடி உடைந்துவிடும் என்று சட்டத்தைக் கழற்றிவிட்டு எடுத்துப்போனேன்.

கிளம்புகிற நாளில் உங்கள் பிள்ளை மட்டும்தான் செம்பட்டு வரைக்கும் வந்தார். நீங்கள் புளிக்காய்ச்சல் பாட்டிலை என் பையில் வைத்து, நெற்றியில் கையை வைத்துவிட்டு, "அடுப்புல எண்ணெய் காயறது, நான் வரலை" என்று உள்ளே போய்விட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பெற்ற பெண்ணாக இருந்தால் வந்திருப்பீர்களோ என்று ஒரு நினைப்பு ஓடியது. விமானம் எழும்பிக் காவிரிக்கு மேலே வந்தபோது கீழே பொன் விமானம் ஒரு நொடி பளிச்சென்றது. அதோடு அந்த நினைப்பும் போயிற்று.

கூட்டத்தைப் பற்றி உங்களிடம் அப்போதே சரியாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, அதில் வரிசை வரிசையாக விமானங்கள். நம் ஊர்த் தேர் அளவுக்கு ஒன்று, குதிரைவண்டி அளவுக்கு ஒன்று. மழை தூறிக்கொண்டே இருக்கும், யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். குடையும் தொப்பியுமாக ஜனங்கள் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம்போல நெரிப்பார்கள். ஜெட் விமானம் தலைக்கு மேலே போனால் பல் கூசும். என் புடவையைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள், நடனம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். காற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றேன். அவளுக்குப் புரிந்ததா இல்லையா தெரியாது, தாராளமாகக் கைகுலுக்கினாள்.

பேசுகிற இடம் ஒரு பெரிய கூடாரம். முன்வரிசையில் வயதான விமானிகள் சிலர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்த நேரம் வெளியே ஒரு ஜெட் கிளம்பியது. நிறுத்தினேன். மறுபடி திறந்தேன், இன்னொன்று கிளம்பியது. எல்லாரும் சிரித்தார்கள். எழுதி வைத்திருந்த முதல் வரி மறந்தேபோனது.

அப்போது உங்கள் குரல்தான் எனக்குக் கேட்டது, அம்மா. எனக்குத் தெரிஞ்சு விமானம்னா ஒண்ணுதான். அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பாஷையில் பறக்கிற விமானத்துக்கும் கோயில் கர்ப்பக்கிருகத்தின் மேலே இருக்கிற கோபுரத்துக்கும் ஒரே சொல்தான் என்றேன். எங்கள் ஊரில் இருப்பது ஆகாய மார்க்கமாக இலங்கைக்குப் போன விமானம், ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் இறக்கினார்கள், திரும்ப எழும்பவே இல்லை, அதைச் சுற்றித்தான் ஊர் உண்டாயிற்று என்றேன். அந்த ஊர்க் காற்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன் என்று சொல்லி, ஆடி மாதத்துக்கு வந்துவிட்டேன்.

முடிந்ததும் ஒரு கிழ விமானி கிட்டே வந்தார். இத்தனை வருஷம் விமானம் ஓட்டியதில் இவ்வளவு நல்ல தரையிறக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நாலு கலசத்தையும் சொன்னேன். குறுக்குக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்த அன்றைக்கு வாசலில் தெருவே நின்றது. எல்லாரும் போன பிறகு நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "ரங்க விமானத்தைப் பத்தி அங்க பேசினியோ?"

"பேசினேன்மா. முதல்ல அதைத்தான் பேசினேன்."

"அப்போ சரி" என்றீர்கள். உடனே பெருமாள் அறைக்குள் போய் விளக்கைத் தூண்டிவிட்டு விழுந்து சேவித்தீர்கள். எழுந்திருக்க நேரமாயிற்று. நான் பத்திரமாக வந்துசேர்ந்ததற்காக என்று நினைத்தேன். அப்பா கோஷ்டிக்குப் போவது ஒருநாளும் நிற்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதோ, இன்று காலையும் போய்விட்டு வந்தார்.

இப்போது காசிம் பாய்க்கு வருகிறேன். போன வாரம் வாசலில் ஒரு ஜட்கா குதிரைவண்டி வந்து நின்றது. நரைத்த தாடியோடு ஒருவர் இறங்கி, "காத்து ஆபீஸ் அம்மா வூடு இதுதானுங்களா?" என்று கேட்டார். பாலக்கரைக்காரர், உறையூர் நாச்சியார் கோயில் பக்கம் வண்டி ஓட்டுகிறவர். "பெரியம்மா ரொம்ப நாளா வரலீங்களே, ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். சொன்னேன். மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துண்டால் அழுத்திக்கொண்டார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டு மோர் கொடுத்தேன்.

உறையூர் நாச்சியாரைச் சேவித்துவிட்டு வருகிறேன் என்று நீங்கள் பஸ் ஏறிப் போவது எங்களுக்குத் தெரியும். சேவித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்பது காசிம் பாய்க்குத்தான் தெரிந்திருக்கிறது.

"சாமி கும்புட்டுட்டு நேரா நம்ம வண்டிக்கு வந்துருவாங்க. 'செம்பட்டுக்கு வுடுங்க பாய்'ம்பாங்க. அங்க வேலியோரம் ஒரு வேப்பமரம் இருக்குதுங்களே, அதுக்கடியில நிப்பாங்க. மத்தியானப் பலூன் மேல வந்ததும், 'அதோ பாருங்க பாய், எங்காத்துப் பொண்ணு விடறா'ம்பாங்க. அது கண்ணு மறையிற மட்டும் பாத்துட்டு, 'இன்னிக்குக் காத்து மேற்கேருந்து அடிக்கறது'ம்பாங்க. பிளேன் வந்தா எந்த ஊர்லேருந்து வருதுன்னு என்னையக் கேப்பாங்க. எனக்கு என்னங்க தெரியும், கொழும்புன்னு சொல்லிருவேன்."

"விமானம்னா கோயில் விமானம் ஒண்ணுதான் தெரியும்னு அம்மா சொல்லுவாளே" என்று ஏதோ உளறினேன்.

காசிம் பாய் சிரித்தார். "அதையும் அவங்களே சொல்லிச் சிரிப்பாங்கம்மா. 'எதிர்வீட்டுக்காரர் வாயை அடைக்கறதுக்குப் பெருமாள் பேரைச் சொல்லி ஒரு பொய் சொல்லிட்டேன் பாய், அவ அங்க போயி ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசிட்டாள்னா நான் பொழைச்சேன்'னு சொன்னாங்க."

அப்போ சரி என்று நீங்கள் சொன்னதும் விழுந்து சேவித்ததும், சொன்ன பொய் மெய்யாகிவிட்டதற்காக என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எதுவும் தெரியாதவள் என்று தெரு உங்களைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள். நானும் சேர்ந்து சிரிக்கும்படி விட்டுவிட்டீர்கள். அப்பாவுக்குக் கோஷ்டி நிற்கவில்லை, எனக்குப் பயணம் நிற்கவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, அம்மா. சொல்லியிருந்தால் அந்த வேப்பமரத்தடிக்கு ஓடி வந்து உங்களை ஆபீஸுக்குள் கூட்டிப்போய், பலூன் நூலை உங்கள் கையிலேயே கொடுத்திருப்பேனே. அதெல்லாம் வேண்டாம் என்றுதான் சொல்லவில்லையோ? ஆராவமுது மாமாவுக்குக்கூட உள்ளூரத் தெரிந்திருக்குமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நேற்று வந்து, "மறுபடியும் ரங்க விமான விஷயம்தானே?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். அதேதான் மாமா என்றேன்.

கிளம்பும்போது காசிம் பாய் இன்னொன்று சொன்னார். நான் முதல் தடவை புறப்பட்ட அன்றைக்கும் நீங்கள் அங்கே வந்திருக்கிறீர்கள். அடுப்பில் எண்ணெய் காயவில்லை. நாங்கள் கிளம்பியதும் பின்னாலேயே கிளம்பி, வேலியோரம் அந்த மரத்தடியில் நின்றிருக்கிறீர்கள்.

"மத்த நாள்ல சும்மா பாப்பாங்க. அன்னிக்கு மட்டும் பிளேன் எழும்பினதும் ரெண்டு கையையும் தூக்கிக் கும்புட்டாங்க. என்னம்மா வேண்டிக்கிட்டீங்கன்னு கேட்டேன். 'எங்க ஊர் விமானம் எறங்கின எடத்துலயே தங்கிடுத்து பாய். எம் பொண்ணும் போற எடத்துல அப்படித் தங்கிடப் படாது, திரும்பி வந்துடணும்'னு சொன்னாங்க."

எம் பொண்ணு என்றுதான் சொன்னீர்களாம். இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிறகு அவர் எதிரிலேயே அழுதேன்.

அடுத்த வாரம் நான் கிளம்புகிற அன்றைக்கு வண்டியை அந்த வேப்பமரத்தடியில் நிறுத்துவதாகக் காசிம் பாய் சொல்லியிருக்கிறார். அப்பாவும் அதில் வருகிறார். இந்தத் தடவையும் முதலில் ரங்க விமானத்தைப் பற்றித்தான் பேசுவேன், உங்கள் வார்த்தை வீண்போகாது. நீங்கள் வேண்டிக்கொண்டதையும் நான் காப்பாற்றுவேன். எங்கே இறங்கினாலும் அங்கே தங்கிவிட மாட்டேன், அம்மா. திரும்பிச் சித்திரை வீதிக்கு வந்து, யாரும் சொல்லாமலே கால் அலம்பிக்கொண்டு உள்ளே வருவேன்.

உங்காத்து நாட்டுப்பெண்ணாக வந்து உங்கள் பெண்ணாகிவிட்ட,
வேதவல்லி